சாக்கில் கட்டிப்போட்ட காதல் கதைகள்: நூல் தெரிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பொது நூலகங்களுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

நான் இருபத்தேழு வருடம் நூலகத்தின் இரவல் மேசையில் இருந்தவள். இந்த மாவட்டத்துக்குள்ளேயே மூன்று இடங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். எந்த நூலகம், எந்தக் கந்தோர் என்று இந்த மடலில் எங்கேயும் எழுதப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. நான் சொல்லவரும் பழக்கம் ஒரு இடத்தில் மட்டும் இருப்பதும் இல்லை.

நான் வேலையில் இருந்த கடைசி வருடம். பொருட்கணக்கெடுப்பு முடிந்த கிழமை. காலையில் கதவு திறக்கப் போனபோது பின் விறாந்தையில் எட்டுச் சாக்குகள் வரிசையாகக் கிடந்தன. வாய் கட்டியிருந்தது. ஒரு சாக்கில் மட்டும் கட்டு நெகிழ்ந்து ஒரு புத்தகத்தின் முதுகு வெளியே தெரிந்தது. 894.8113 என்ற இலக்கம். தமிழ் நாவலுக்குரிய அந்த இலக்கத்தை எழுதி ஒட்டியிருந்தது என் கை. குனிந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் காதல் நாவல்கள், குடும்ப நாவல்கள். முக்கால்வாசி பெண்கள் எழுதியவை.

கழிவுப் பட்டியலில் ‘காரணம்’ என்று ஒரு நிரல் இருக்கும். பூச்சி அரித்தது, நனைந்தது, பக்கம் உதிர்ந்தது என்று எழுதுவோம். அந்தப் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களுக்கு நேரே ‘தரமற்ற நாவல்’ என்று எழுதியிருந்தது. நல்ல நிலையில் இருந்த புத்தகங்களுக்கும் அதே சொல்தான். அவற்றின் பின் அட்டைக்குள் ஒட்டிய திகதித் தாளை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. பார்த்திருந்தால் அந்தச் சொல்லை எழுத மனம் வந்திருக்காது. முத்திரை குத்திக் குத்தி நிறைந்த தாளின் மேல் புதுத் தாள், அதுவும் நிறைந்து அதன் மேல் இன்னொன்று என்று சில புத்தகங்களில் நாலு தாள் கனத்துக்கு இருந்தது.

சரி, மேலிடத்து முடிவு, கையெழுத்தும் ஆகிவிட்டது. பழைய கடதாசி எடுக்கிறவருக்கு நிறைக்குப் போனது. அவரிடம் கேட்டு ஒரு சாக்கை மட்டும் நான் காசு கொடுத்து வாங்கினேன். அதற்குள் 43 புத்தகங்கள் இருந்தன. ஒரு சாக்குக்குத்தான் அன்றைக்கு என்னிடம் காசு இருந்தது. மற்ற ஏழு சாக்கை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அந்த 43இல் ஒன்றைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சாதாரணமான ஒரு மாத நாவல்தான். அட்டை போய், மொத்தக் காட்போட் வைத்து, முதுகில் கலிக்கோத் துணி ஒட்டியிருக்கிறது. கடைசி இரண்டு பக்கம் இல்லை. அந்த இடத்தில் சி.ஆர். கொப்பியில் இருந்து கிழித்த ஒற்றை ஒன்றைக் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். நீலப் பேனை, சாய்வான எழுத்து. மேலே இப்படி எழுதியிருக்கிறது: ‘கடைசிப் பக்கம் கிழிந்துபோனதால் எனக்கு ஞாபகம் உள்ளபடி எழுதுகிறேன். வசனம் அப்படியே இருக்காது. ஆனால் இருவரும் சேருவார்கள். பயப்படாமல் வாசிக்கவும்.’ அதன் கீழே முடிவு முழுவதும், கதாநாயகியின் தாய் என்ன சொன்னாள் என்பது வரைக்கும், இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. அடியில் வேறு கையெழுத்தில், பென்சிலால், ‘நன்றி அக்கா’.

யார் அந்த அக்கா, யார் அந்தத் தங்கை என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் பசை அதிகமாகி அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது, எந்த இடத்தில் எழுதுகிறவளின் பேனை மை தீர்ந்து கறுப்புக்கு மாறியது என்பதெல்லாம் தெரியும். அத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அடுத்து வரும் ஒருத்தி முடிவு தெரியாமல் தவிக்கக்கூடாது என்று, முகம் தெரியாத ஒருத்திக்காக, இரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிய ஒரு வாசகி. அந்தப் புத்தகத்துக்கும் நேரே ‘தரமற்ற நாவல்’ என்றுதான் எழுதியிருந்தது.

காதல் நாவலை யார் வாசிக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் குறைவு. இருபத்தேழு வருடம் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் முத்திரை குத்தினேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கிண்ணியாவில் இருந்து இந்தப் பக்கம் வர வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு தங்கச்சி வருவா. கையில் அவவுடையது, உம்மாவுடையது, மாப்பிள்ளையுடையது, நாத்தனாருடையது என்று நாலு அங்கத்துவ அட்டை. அட்டைக்கு இரண்டு வீதம் எட்டுப் புத்தகம். எட்டும் காதல் நாவல். ஒரு நாள் கேட்டேன், எட்டையும் எப்படிப் பதினாலு நாளுக்குள் வாசிக்கிறீர்கள் என்று. “நான் மட்டுமா மிஸ், எங்கட ஒழுங்கையில பதினொரு பேர் வாசிக்கிறோம். ஒருத்தர் முடிச்சா மதிலுக்கு மேலால அடுத்த வீட்டுக்குக் குடுக்கிறது” என்றா. அன்று கடல் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. புத்தகங்களை ஷொப்பிங் பையில் போட்டு வாயை இரட்டை முடிச்சாகக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக்கொண்டு போனா. ஒரு புத்தகமும் நனைந்து வந்ததில்லை.

2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து அலைந்து, கனபேர் கிளிவெட்டி முகாமில் இருந்தார்கள். நாங்கள் அங்கே ஒரு பெட்டியில் புத்தகம் கொண்டுபோவோம். பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், கதைப் புத்தகம், ஆண்களுக்குப் பத்திரிகை என்று யோசித்து அடுக்கியிருந்தோம். பெண்களுக்கு என்று சமையல் குறிப்பும் உடல்நலப் புத்தகமும் வைத்தோம். இரண்டாம் நாள் ஒரு அம்மா பெட்டி முழுவதும் கிளறிவிட்டு என்னைக் கேட்டா, “கதைப் புத்தகம் கொண்டுவர மாட்டீங்களா மிஸ்? ரமணிசந்திரன் இருந்தாப் பாருங்கோ. துன்பமா முடியிறதைத் தராதைங்கோ. அது இஞ்ச நிறைய இருக்கு.” அடுத்த கிழமை பெட்டியில் பாதியைக் காதல் நாவல் ஆக்கினேன். தகரக் கொட்டிலின் வாசலில், மத்தியான வெயிலில், முழங்காலில் புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை இன்றைக்கும் காண்கிறேன். சுற்றிவர இத்தனை சத்தம், அவவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆண்களும் எடுத்தார்கள். “மனுசிக்கு” என்று சொல்லி எடுத்துப்போய், திருப்பித் தரும்போது கதையைப் பற்றி என்னோடு வாதாடியவர்கள் உண்டு. இராக் காவல் வேலை செய்த ஒருவர் கிழமைக்கு மூன்று முடிப்பார். இரவில் நித்திரை வராமல் இருக்க இதுதான் சரி என்பார்.

இவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: “முடிவு நல்லா இருக்குமா?” இது வாசிக்கத் தெரியாதவர்களின் கேள்வி என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எழுந்து பேசும் தைரியம் எனக்கு இல்லை. இன்றைக்குப் பேசுகிறேன். ஷெல் விழும் ஊரில் இருந்து ஓடிவந்த பெண், கடல் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போன பெண், தன் வாழ்க்கையின் முடிவு எப்படி என்று எவரையும் கேட்க முடியாத பெண், ஒரு புத்தகத்தைப் பார்த்தாவது அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். பதில் சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். காதல் நாவல் எழுதுகிறவர் அந்த வாசகிக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: எவ்வளவு அழவைத்தாலும் கடைசியில் உன்னைக் கைவிட மாட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே, முன்னூறு பக்கத்துக்கு ‘சேருவார்களா’ என்ற பதைப்பையும் குறையவிடாமல் கொண்டுபோவது லேசான வேலையில்லை. முடிவு தெரிந்த கதையை விடியும்வரை வாசிக்கவைப்பதற்குக் கை தேர்ந்திருக்க வேண்டும்.

இனி, நீங்கள் அடிக்கடி சொல்கிற ‘தரம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

எட்டுத்தொகையில் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகிய ஐந்தும் முழுக்க அகம். ஐங்குறுநூற்றில் மட்டும் 500 பாட்டு, அத்தனையும் காதல். வள்ளுவர் 1330 குறளில் 250ஐக் காமத்துப்பாலுக்குக் கொடுத்தார், அறத்தையும் பொருளையும் சொன்ன அதே நூலில், அதே இரண்டு அடியில். அகப்பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்தது. பெயர் இல்லாததால் அந்தத் தலைவி யாராகவும் இருக்கலாம். காதல் நாவலைக் கையில் எடுக்கும் பெண்ணும் நாலாவது பக்கத்தில் கதாநாயகியின் பெயரை மறந்துவிட்டுத் தானே அவளாகிவிடுகிறாள். நாங்கள் இருப்பதோ கடலும் கழியும் சூழ்ந்த நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவனைக் கரையில் நின்று பார்த்திருப்பது. உப்புவெளியில், நிலாவெளியில், மூதூரில் அந்தக் காத்திருப்பு பாட்டோடு முடிந்துவிடவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இந்த ஊரின் நாவல் எங்கே தொடங்கியது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு வரிசை தெரியும். 1885இல் கண்டியில் இருந்து சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’. அடுத்தது 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’. எழுதியவர் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி. பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள், ஒருவனைக் காட்டில் கரடி வளர்க்கிறது என்ற ஐரோப்பியப் பழங்கதையைத் தழுவித் தமிழில் தந்தார். அதற்கு அடுத்தது 1895இல் ‘மோகனாங்கி’. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அவரும் இந்தத் திருமலை மண்ணின் பிள்ளை. முதல் மூன்றில் இரண்டு எங்கள் ஊரவர்களுடையவை.

‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஊரில் விழா என்றால் மேடையில் அந்தப் பெயர் வராமல் இருக்காது. அந்த நாவல் எதைப் பற்றியது? நாயக்க மன்னர் காலத்துப் பின்னணியில் சொக்கநாத நாயக்கருக்கும் மோகனாங்கிக்கும் இடையிலான காதல். அது ஒரு காதல் நாவல். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே, 1892இல், பெண்களின் விடுதலையைப் பேசும் ‘தத்தை விடு தூது’ என்ற கவிதை நூலை வெளியிட்டவர் அவர். பெண்களின் சுதந்திரமும் பெண்களின் காதலும் அவருக்கு ஒரே யோசனையின் இரண்டு பக்கமாக இருந்திருக்கின்றன. சென்னையில் சுவடி நூலகத்தில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்குத் தனியான சந்தோசம் ஒன்று உண்டு. ஒரு நூலகக்காரர் எங்கள் ஊரின் முதல் பெரிய காதல் கதையை எழுதியிருக்கிறார்.

பின்னால் அந்த நாவலைச் சுருக்கி வெளியிட்டபோது அதன் பெயர் ‘சொக்கநாத நாயக்கர்’ ஆனது. கதாநாயகியின் பெயர் தலைப்பில் இருந்து போய்விட்டது. அரசனின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் இதை வாசித்த நாள் நெடுநேரம் யோசித்தேன். ஒரு கதையைக் கௌரவமானதாக ஆக்க வேண்டும் என்றால் அதில் இருந்து பெண்ணையும் காதலையும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும் என்ற எண்ணம் எங்களிடம் அன்று தொடங்கியதா, அதற்கு முன்னாலேயே இருந்ததா?

பிறகு ந. பாலேஸ்வரி. எங்கள் ஊர்ப் பெண். 1966இல் ‘சுடர்விளக்கு’ நாவல் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்து, உள்ளூர் எழுத்துக்கு இடம் பிறந்த காலத்தில், வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டது. அந்த வரிசையில் அவருடைய ‘பூஜைக்கு வந்த மலர்’ வந்தது. நான் அதை முதலில் கண்டது நூலகத்தில் இல்லை, எங்கள் அம்மாவின் தலையணைக்குக் கீழே. அம்மா பின்னேரம் குசினி வேலை எல்லாம் முடித்து, லாம்பைக் கிட்ட இழுத்து வைத்து, வாயைத் திறக்காமல் உதடு மட்டும் அசைய வாசிப்பா. பத்து வயதில் நான் அருகில் படுத்திருந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல இடம் வந்தால் அம்மாவின் கால் பெருவிரல் ஆடும்.

அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை வரும் தொடர்கதையைக் கத்தரித்து எடுத்து, ஊசி நூலால் கோத்து, பழைய கலண்டர் அட்டை போட்டு வைப்பா. ஒரு கிழமை பேப்பர் தவறினால் அயலில் நாலு வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியைக் கேட்பா. இந்த ஊரில் எத்தனை வீட்டில் அப்படிக் கோத்த புத்தகங்கள் இருந்திருக்கும். யுத்தத்தோடும் 2004 கடலோடும் எல்லாம் போய்விட்டன. நூலகத்தில் மிஞ்சியிருந்தவையையும் நாங்களே சாக்கில் கட்டினோம்.

இந்த எழுத்தாளர்களை நீங்கள் நினைப்பதுபோல லேசாக நினைக்க முடியாது. வை. மு. கோதைநாயகிக்கு ஐந்தரை வயதில் கலியாணம். ஆரம்பத்தில் சரளமாக எழுத வராது. தன் முதல் படைப்பை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருத்தி எழுதினா. அப்படித் தொடங்கியவர் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, 115 நாவல் எழுதினார். ‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி மருத்துவப் படிப்புச் செலவுக்காகக் கதை எழுதத் தொடங்கி, மருத்துவராகவும் ஆனார், 1984இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். ரமணிசந்திரனின் பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்காத ஒரு நாள்கூட என் மேசையில் கழிந்ததில்லை. சுருக்கெழுத்து மாதிரி “ரமணி இருக்கா?” என்றே கேட்பார்கள். ஒரு எழுத்தாளரின் பெயர் கேள்வியாகவே மாறிப்போவதை நான் வேறெங்கும் காணவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம், முதலில் எல்லா விதமான புத்தகமும் போட்டது. முப்பதுகளில் காதல் நாவலுக்கே மாறியதற்குக் காரணம் நூலகங்கள். இரண்டு பென்ஸுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் கடைகளில் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் நின்று இவற்றைக் கேட்டார்கள். அந்தக் கடைகள் வாசகிகள் கேட்டதைக் கொடுத்தன.

நான் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. என்னைக் கோபப்படுத்திய காதல் நாவல்கள் பல உண்டு. கதாநாயகன் கையை முறுக்குவான், கன்னத்தில் அறைவான், சம்மதம் கேட்காமல் தாலி கட்டுவான், பத்து அத்தியாயம் கழித்து அதெல்லாம் அன்பு என்று ஆகிவிடும். ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று இப்போது பெயரே வைத்திருக்கிறார்கள். உயர்தரம் படித்த ஒரு பிள்ளை அப்படி ஒன்றைத் திருப்பித் தரும்போது பக்கத்தை மடித்துக் கொண்டுவந்து காட்டியது. “மிஸ், இந்த இடத்தில இவன் அடிக்கிறான். அதுக்குப் பிறகு அவள் இவனை விரும்புறாள் எண்டு எழுதினா எப்பிடி? எனக்கு இது பிடிக்கேல்ல.” பின்னால் வரிசையில் நின்ற ஒரு நடுத்தர வயது அக்கா, “என்ர மனுசன் அடிச்ச காலத்தில நான் இந்தக் கதையளை வாசிச்சு, அவரும் ஒரு நாள் திருந்துவார் எண்டு நினைச்சனான். திருந்தேல்ல” என்றா. இன்னொருவர், “அப்ப ஏன் பிறகும் வாசிக்கிறீங்க?” என்று கேட்டார். “இப்ப நல்லவனா வாற கதையா பாத்து எடுக்கிறன்” என்றா அந்த அக்கா. அரை மணித்தியாலம் அந்தப் பேச்சு நடந்தது. நான் முத்திரையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கதை நல்லது, எது கூடாது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். அப்படிப் பிரிப்பதற்குத் தட்டில் புத்தகம் இருக்க வேண்டும்.

இப்போது தலைமுறை மாறிவிட்டது. பிரதிலிபி போன்ற செயலிகளிலும் இணையத்தளங்களிலும் ஈழத்துப் பெண்கள் எழுதுகிறார்கள். ஜெர்மனியில், நோர்வேயில், லண்டனில், இங்கே எங்கள் ஊரிலும் இருந்து. புதிதாக வரும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘யூடி’, அதாவது அப்டேட், என்கிறார்கள். யூடி வர ஒரு நாள் பிந்தினால் வாசகிகள் கவலைப்பட்டு எழுதுகிறார்கள். என் மருமகள் எனக்குக் கைபேசியில் திறந்து தந்தா. கதாநாயகி ‘எண்டு’ என்று பேசினாள், ‘அவையள்’ என்று சொன்னாள், இடியப்பமும் சொதியும் வைத்தாள். நாற்பது வருடம் சென்னைப் பாஷையில் காதல் வாசித்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பேச்சிலும் காதலைச் சொல்லலாம் என்று இந்தப் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள். இவர்களில் பலர் சொந்தக் காசில் புத்தகமும் போடுகிறார்கள். எங்கள் நூலகங்களின் கொள்வனவுப் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடினேன். கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கழிவுப் பட்டியலில் ‘தரமற்ற’ என்ற சொல்லை எழுதுவதை நிறுத்துங்கள். பூச்சி, ஈரம், கிழிசல் என்றால் எழுதுங்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்றப்படி ஒரு நாவலைச் சாக்கில் போடுவதற்கு முன் அதன் திகதித் தாளைத் திருப்பிப் பாருங்கள். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம், பதாகை கட்டுகிறோம், ‘வாசிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது’ என்று பேசுகிறோம். குறையாமல் வாசித்துக்கொண்டிருக்கும் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று அந்த மாதத்திலாவது விசாரியுங்கள். இரவல் மேசையில் ஒரு கொப்பி வைத்தால் போதும், அவர்களே எழுதுவார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒரு வாசகியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாளரோ ஆசிரியரோ ஆக இருக்க வேண்டும் என்றில்லை. தையல் கடை வைத்திருப்பவராக இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்பவராக இருக்கட்டும். கிழமைக்கு மூன்று நாவல் வாசிக்கிறவருக்கு நாவலைப் பற்றித் தெரியும்.

ந. பாலேஸ்வரியின் நூல்களைத் தேடி எடுத்து ஒரு இடத்தில் வையுங்கள். பழைய வீடுகளில் இன்னும் சில பிரதிகள் இருக்கும், தேடினால் கிடைக்கும், நானும் வந்து தேடுகிறேன். ஒரு பிரதியை உசாத்துணைப் பகுதியில் வைத்தால் இன்னொன்று இரவலுக்கு இருக்க வேண்டும். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவைத்தால் அம்மாமார் தலையணைக்குக் கீழே வைக்க முடியாது. இணையத்தில் நூலகம் திட்டம் 2005இல் இருந்து ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. எங்கள் மாவட்டத்துக் குடும்ப நாவல்களையும் தூக்கிப்போடுவதற்கு முன் அவர்களுக்கு ஒருமுறை காட்டலாமே. புதிதாக எழுதும் பிள்ளைகளில் இரண்டு பேரையாவது இந்த வருடம் வாங்குங்கள். அட்டையில் ரோசாப்பூவும் சோடியும் இருப்பதைப் பார்த்து ஒதுக்காமல், உள்ளே பத்துப் பக்கம் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

என்னிடம் இருக்கும் 43 புத்தகத்தையும் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, வேப்பிலை போட்டு, வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். கிழிந்தவற்றை ஒட்டிவிட்டேன். நீங்கள் தட்டு ஒன்று ஒதுக்கினால் ஓட்டோ பிடித்து நானே கொண்டுவந்து தருவேன். காசு வேண்டாம், பெயர்ப் பலகையும் வேண்டாம். கொப்பி ஒற்றை ஒட்டிய அந்தப் புத்தகத்தை மட்டும் கண் எட்டுகிற தட்டில், கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். அந்த அக்கா இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறாவோ என்னவோ, ஒரு நாள் வந்து பார்க்கக்கூடும். அதன் திகதித் தாளில் இன்னும் மூன்று முத்திரைக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நூலக உதவியாளர் ஒருவர்,
திருகோணமலை